காப்பீடு இல்லாத வாகனம் மோதினால் காரின் பழுதுச் செலவை யாரிடம், எப்படி வசூலிப்பது?

நெடுவழி (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். சிக்னலில் நின்றுகொண்டிருந்த என் காரின் மீது பின்னால் வந்த சிறிய சரக்கு வேன் ஒன்று மோதியதில் பின்பக்க பம்பர், டிக்கி கதவு, ஒரு பக்க டெயில் லைட், அதையொட்டிய தகடு ஆகியவை நசுங்கிவிட்டன. நல்லவேளையாக யாருக்கும் காயம் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் கொடுத்த எஸ்டிமேட் 85,000 ரூபாயைத் தாண்டுகிறது. என் கார் பழையது என்பதால் அதற்குத் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டுமே எடுத்திருக்கிறேன். ஆகவே என் நிறுவனத்திடம் இந்தச் செலவைக் கேட்க இயலாது.

வேனுக்கு இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது என்று அதன் ஓட்டுநரே சொன்னார். வேன் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு வந்தவர் வேறொருவர், வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் இருப்பதோ மூன்றாவது ஒருவரின் பெயர். வந்தவர் மரியாதையாகவே பேசுகிறார், அடுத்த மாதம் தந்துவிடுவதாகவும் சொல்கிறார், ஆனால் எழுத்தில் எதுவும் தர மறுக்கிறார். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தபோது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தந்தார்கள், எஃப்.ஐ.ஆர். போடவில்லை. பொருள் சேதத்துக்கு மட்டும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியுமா, போனால் யார் பெயரில் மனு போட வேண்டும் என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

வழக்குக்கட்டு:

வணக்கம் ஐயா. விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன் என்ற முறையில் சொல்கிறேன். ஓட்டுநர் சொன்னதை நம்பி வேனுக்கு இன்சூரன்ஸ் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அரசின் வாகன் தளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ பதிவெண்ணைக் கொடுத்தால் பாலிசி எதுவரை செல்லும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். விபத்து நடந்த நாளில் பாலிசி உயிரோடு இருந்ததா என்பதுதான் கேள்வி. இன்று இருக்கிறதா என்பது அல்ல. மோதிய மறுநாள் புதுப்பித்துவிட்டு அந்தத் தாளைக் காட்டுகிறவர்களும் உண்டு, ஆகவே தொடங்கிய தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பாலிசி பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கிறது, அதனால் செல்லாது என்று யாராவது சொன்னாலும் ஏற்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 157-ஆவது பிரிவின்படி வாகனம் கைமாறும்போது மூன்றாம் தரப்பினருக்கான காப்பீடும் வாங்கியவருக்கு மாறியதாகவே கருதப்படும். ஓட்டுநரிடம் செல்லத்தக்க உரிமம் இல்லை என்ற நிலையிலும், முதலில் நிறுவனம் செலுத்திவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட 2004-இல் உச்ச நீதிமன்றம் தந்த ஸ்வரண் சிங் தீர்ப்பு வழிவகுத்திருக்கிறது. நடப்பில் இருக்கும் பாலிசி ஒன்று கிடைத்துவிட்டால் உங்கள் வேலை பாதியாகக் குறைந்துவிடும், ஏனெனில் கார், சரக்கு வண்டி ஆகியவற்றின் தேர்டு பார்ட்டி பாலிசியில் பிறர் பொருள் சேதத்துக்கு வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரை பொறுப்பு உண்டு. பிரீமியத்தைக் குறைப்பதற்காக அதை 6,000 ரூபாயாகச் சுருக்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள் என்பதால் அந்தப் பக்கத்தையும் வாசிக்க வேண்டும்.

உண்மையிலேயே பாலிசி இல்லை என்றால், தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்பதே நேரான பதில். அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 165-ஆவது பிரிவு உயிரிழப்பு, உடற்காயம் ஆகியவற்றோடு மூன்றாம் தரப்பினரின் பொருள் சேதத்தையும் தீர்ப்பாயத்தின் வரம்புக்குள் வைத்திருக்கிறது. 166-ஆவது பிரிவு பொருளின் உரிமையாளர் மனு செய்யலாம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. யாருக்கும் அடிபடவில்லை என்பதற்காக மனுவைத் திருப்பித் தர முடியாது. விபத்து நடந்த இடம், நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்த்தரப்பினர் வசிக்கும் இடம் ஆகியவற்றில் எந்த எல்லைக்குட்பட்ட தீர்ப்பாயத்தையும் நீங்கள் தேர்ந்துகொள்ளலாம். சேதம் 2,000 ரூபாய்க்கு மேல் என்றால் விருப்பப்பட்டு உரிமையியல் நீதிமன்றத்துக்கும் போகலாம், ஆனால் அங்கே போன பிறகு அதே சேதத்துக்குத் தீர்ப்பாயத்தின் கதவு மூடிவிடும்.

மனுவில் ஓட்டுநர், ஆர்.சி.யில் பெயர் உள்ளவர், வேன் தன்னுடையது என்று சொல்பவர் ஆகிய மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். வண்டியை எப்போதோ விற்றுவிட்டேன் என்று பதிவுபெற்றவர் நிச்சயம் சொல்வார். 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொல்லிவிட்டது: பதிவு யார் பெயரில் தொடர்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், கைமாறியவர்களைத் தேடிப்பிடிக்கும் சுமையைப் பாதிக்கப்பட்டவர் தலையில் ஏற்றக் கூடாது. இந்தத் தீர்ப்பு உங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டதாக நான் நினைப்பதுண்டு.

இனி மிக முக்கியமான செய்தி. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த 6 மாதங்களுக்குள் தீர்ப்பாயத்தில் மனு தாக்கலாக வேண்டும். இந்தக் காலவரம்பை எதிர்த்து வழக்குகள் நடந்திருக்கின்றன என்றாலும் அவற்றை நம்பிக் காத்திருப்பது அறிவுடைமை ஆகாது. "அடுத்த மாதம் தருகிறேன்" என்று இனிமையாகப் பேசுகிறவர் தெரிந்தோ தெரியாமலோ உங்களிடமிருந்து எடுத்துக்கொள்வது இந்த ஆறு மாதங்களைத்தான். பேச்சுவார்த்தை தொடரட்டும், மனு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

தூரதேசி:

விபத்து ஏற்படுத்தியவரால் கொடுக்க முடியாவிட்டால் அரசே இழப்பீடு தரும் திட்டம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு விண்ணப்பிக்கலாமே?

வழக்குக்கட்டு:

அது மோதிவிட்டு அடையாளம் தெரியாமல் தப்பிய வாகனங்களுக்கான 161-ஆவது பிரிவுத் திட்டம். உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் கிடைக்கும்; வாகனச் சேதத்துக்கு அதில் இடமே இல்லை. தவறு யாருடையது என்று பாராமல் தொகை வழங்கும் 164-ஆவது பிரிவும் உயிரிழப்புக்கும் கொடுங்காயத்துக்கும் மட்டுமே. ஆகவே பொருள் சேதத்தைக் கேட்பவர் எதிராளியின் கவனக்குறைவைக் கட்டாயம் நிரூபித்தாக வேண்டும்.

தகடும்வர்ணமும்:

நான் காப்பீட்டு நிறுவனங்களுக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர். சட்டம் எவ்வளவு சாதகமாக இருந்தாலும் தாள் இல்லாதவன் கையில் தொகை வராது என்பதைப் பலமுறை பார்த்திருப்பதால், சான்றுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எதையும் கழற்றுவதற்கு முன்பே காரை உரிமம் பெற்ற தனியார் சர்வேயர் ஒருவரிடம் காட்டி, புகைப்படங்களோடு கூடிய அறிக்கை வாங்குங்கள். ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் ஒரு வியாபாரியின் விலைப்புள்ளி மட்டுமே. எந்தப் பாகம் இந்த மோதலால் கெட்டது, எது பழைய அடி என்று அது பிரித்துச் சொல்லாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிக்கும் இடம் அதுதான். பம்பரைக் கழற்றிய பிறகு உள்ளே வளைந்த தாங்கியோ விரிசல் விட்ட ஒட்டோ தெரியவரும். அந்த நிலையிலும் படம் எடுத்து, அறிக்கையில் துணைக்குறிப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பாகங்களை வழக்கு முடியும்வரை வைத்திருக்க இடம் இல்லை என்றால், பாக எண் தெரியும்படி படமாவது இருக்கட்டும்.

பழுது பார்ப்பதற்கு முன்பு, இந்த ஒர்க்‌ஷாப்பில் கார் நிற்கிறது, இன்ன தேதிக்குள் வந்து பார்வையிட்டுக்கொள்ளலாம், அதன் பின் வேலையைத் தொடங்கிவிடுவேன் என்று எதிர்த்தரப்பினருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். அவர்கள் வரமாட்டார்கள். ஆனால் பின்னாளில் தொகையை ஊதிப் பெருக்கிவிட்டார் என்று அவர்கள் சொல்லும்போது அந்தக் கடிதம் உங்களுக்காகப் பேசும். பில் ஜி.எஸ்.டி. எண்ணோடு, பாகங்களுக்கும் டிங்கரிங், பெயிண்டிங் கூலிக்கும் தனித்தனி வரிகளோடு இருக்க வேண்டும். பணத்தை வங்கி வழியாகவே செலுத்துங்கள். பில்லைத் தாக்கல் செய்துவிட்டாலே அது நிரூபிக்கப்பட்டதாகிவிடாது. அதைத் தயாரித்தவரோ சர்வேயரோ சாட்சிக் கூண்டில் ஏறி உறுதிசெய்யத் தேவைப்படலாம் என்பதால், சாட்சி சொல்ல வருவார்களா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மலிவாகச் செய்துகொடுத்துவிட்டு நீதிமன்றம் என்றதும் ஒதுங்கிக்கொள்ளும் இடத்தைவிடச் சற்று அதிகம் வாங்கினாலும் முறையாகக் கணக்கு வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப் இந்த நிலையில் உங்களுக்கு நல்லது.

பழைய கார் என்பதால் புதிய பாகத்தின் முழு விலையும் தரப்படாமல் போகலாம். சொந்த சேதக் காப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதமும் உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதுக்கேற்பவும் தேய்மானம் கழிப்பது வழக்கம். அந்தப் பட்டியல் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எதிர்த்தரப்பு அதே அளவுகோலைக் கையில் எடுக்கும் என்று எதிர்பார்த்துத் தயாராக இருங்கள்.

மழைச்சாரல்:

எனக்கும் ஏறத்தாழ இதே நிலைதான், ஆனால் என் காருக்கு முழுமையான காப்பீடு இருக்கிறது. என் பாலிசியில் கேட்டுவிட்டால் நோ கிளைம் போனஸ் போய்விடும். கேட்காமல் அவரிடமே வாங்கலாம் என்றால் அவர் எப்போது தருவார் என்று தெரியவில்லை. எதிர்த்தரப்பிலிருந்து 20,000 ரூபாய் தந்து, இத்துடன் முடித்துக்கொள்வதாகக் கையெழுத்துக் கேட்கிறார்கள். வாங்கிக்கொண்டு மீதியை என் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளலாமா?

தகடும்வர்ணமும்:

சகோதரி, தயவுசெய்து அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்கு இழப்பீடு தரும் நிறுவனம், தந்த தொகையளவுக்கு உங்கள் இடத்தில் நின்று தவறு செய்தவரிடம் வசூலிக்கும் உரிமையைப் பெறுகிறது. முடித்துக்கொண்டேன் என்று நீங்கள் முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிட்டால் அந்த உரிமை அழிந்துவிடும். அதைக் காரணம் காட்டி உங்கள் கிளைமையே நிராகரிக்க நிறுவனத்துக்கு இடம் கிடைத்துவிடும்.

உங்கள் நிலையில் நான் பார்ப்பது ஒரு கணக்கைத்தான். போனஸ் ஓராண்டுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி, கிளைம் இல்லாத ஐந்து ஆண்டுகளில் 50 சதவீதத்தை எட்டும். அது சொந்த சேதப் பகுதிக்கான பிரீமியத்தில் மட்டுமே கழிவு, தேர்டு பார்ட்டி பகுதியில் அல்ல. உங்கள் பாலிசித் தாளில் அந்தப் பகுதியின் தொகையைப் பார்த்து, போனஸ் இழப்பால் வரும் சில ஆண்டுகளில் கூடுதலாக எவ்வளவு கட்டுவீர்கள் என்று கூட்டிப் பாருங்கள். பழுதுச் செலவு அதைவிடப் பல மடங்கு இருந்தால், காப்பீடு இல்லாத ஒருவரின் வாக்குறுதியை நம்புவதைவிட உங்கள் நிறுவனத்திடம் உடனே தெரிவித்துக் கிளைம் செய்வதே சரி. ஒவ்வொரு கிளைமிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவுத் தொகை, அதாவது 1,500 சி.சி. வரையிலான கார்களுக்கு 1,000 ரூபாயும் அதற்கு மேல் 2,000 ரூபாயும், தேய்மானத்துக்காகப் பிடித்தது, பழுது நடந்த நாட்களில் வாடகை வண்டிக்குச் செலவானது போன்ற, நிறுவனம் தராத இழப்புகளைத் தவறு செய்தவரிடம் நீங்கள் தனியே கோரலாம். ஒரே செலவுக்கு இருவரிடமும் வாங்குவது மட்டும் கூடாது.

கடைசிமைல்:

இவ்வளவும் படித்த பிறகும் எனக்கு ஐயம் தீரவில்லை. 85,000 ரூபாய்க்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் அலைந்து, கடைசியில் அவரிடம் எதுவும் இல்லை என்றால் வழக்கறிஞர் கட்டணமும் நஷ்டம்தானே? வண்டியின் சாவியையோ ஆர்.சி.யையோ வாங்கி வைத்துக்கொண்டால் பணம் தானாக வந்துசேரும் என்பது என் அனுபவம்.

வழக்குக்கட்டு:

உங்கள் ஐயம் நியாயமானது, நீங்கள் சொல்லும் வழி ஆபத்தானது. பிறர் வண்டியையோ ஆவணத்தையோ பிடித்துவைத்தால் உங்கள் மீதே மிரட்டிப் பறித்ததாகப் புகார் வரும். இழப்பீடு கேட்க வேண்டியவர் முன்ஜாமீன் கேட்கும் நிலைக்குத் தள்ளப்படுவார்.

ஆனால் சட்டத்தின் வழியாகவே அந்த வண்டியைப் பிணையாக்க ஓர் இடம் இருக்கிறது. காப்பீடு இல்லாத வாகனம் விபத்தில் சிக்கிக் கைப்பற்றப்பட்டால், இழப்பீட்டுக்குப் போதிய பிணை தராமல் அதை விடுவிக்கக் கூடாது என்று விதி வகுக்கும்படி 2018 செப்டம்பரில் உஷா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. இதற்கு வண்டி காவல் துறையின் பிடியில் இருக்க வேண்டும் என்பதால்தான் சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடக் கூடாது என்கிறேன். மனித உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் வகையில் பொதுச் சாலையில் ஓட்டுவது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆவது பிரிவின்கீழ்க் குற்றம். காப்பீடின்றி ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 196-ஆவது பிரிவின்கீழ் மூன்று மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் அபராதமோ விதிக்கத்தக்கது, மறுமுறை என்றால் அபராதம் 4,000 ரூபாய். இவ்விரண்டையும் குறிப்பிட்டு எழுத்தில் புகார் கொடுங்கள். நிலையத்தில் ஏற்காவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அதன் பிறகும் பயனில்லை என்றால் நீதித்துறை நடுவரை அணுகலாம். எஃப்.ஐ.ஆர். இல்லாமலேயே தீர்ப்பாயம் மனுவை ஏற்று முடிவெடுக்க முடியும், ஏனெனில் குற்ற வழக்குக்குரிய ஐயமற்ற நிரூபணம் அங்கே தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு உண்டோ அதுவே போதும் என்பதை 2009-இல் பிம்லா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. டேஷ்கேம் பதிவு, அருகிலிருந்த கடையின் கேமரா, ஓட்டுநர் அனுப்பிய குறுஞ்செய்தி எல்லாமே உதவும். கடைக் கேமராப் பதிவுகள் சில வாரங்களில் அழிந்துவிடும் என்பதால் அதை இன்றே கேட்டு வாங்குங்கள்.

வசூல் பற்றிச் சொல்கிறேன். தீர்ப்பாயம் உத்தரவிட்டால் 30 நாட்களுக்குள் தொகையைச் செலுத்த வேண்டும். மனுச் செய்த நாளிலிருந்து வட்டியும் கேட்கலாம். செலுத்தாவிட்டால் 174-ஆவது பிரிவின்கீழ்த் தீர்ப்பாயம் ஆட்சியருக்குச் சான்று அனுப்ப, நிலவரி பாக்கியைப் போலவே அது வசூலிக்கப்படும். 2019 திருத்தத்துக்குப் பின் தீர்ப்பாயத்துக்கே நிறைவேற்று மனுவில் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரங்கள் உண்டு என்பதால் வேனையோ வங்கிக் கணக்கையோ ஜப்தி செய்யக் கோரலாம். சம்பளக்காரர் என்றால் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் போக எஞ்சியதை மட்டுமே பிடிக்க முடியும். அது மெல்ல நகரும் வழி. இங்கேதான் பதிவுபெற்ற உரிமையாளரை வழக்கில் சேர்த்ததன் பயன் தெரியும்: வேனை வாங்கியவரிடம் ஒன்றுமில்லாமல் போனாலும், விற்றவருக்கு வீடோ வேறு வண்டியோ இருக்கக்கூடும்.

தொகை சிறியது, அலைச்சல் வேண்டாம் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றம். வழக்குப் போடுவதற்கு முன்பே வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. அங்கே ஏற்பட்ட சமரசம் 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதை எதிர்த்து மேல்முறையீடும் இல்லை. எழுதித்தர மறுக்கும் ஒருவர் நீதிபதியின் முன்னிலையில் தவணைக்கு ஒப்புக்கொள்வதை நான் நிறையவே கண்டிருக்கிறேன். ஆனால் அங்கே எதிர்த்தரப்பு வந்தாக வேண்டும், ஒப்புக்கொண்டாக வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் அந்த நாட்களும் ஆறு மாதக் கணக்கில்தான் கழியும்.

நெடுவழி:

மிக்க நன்றி ஐயா. வாகன் தளத்தில் பார்த்துவிட்டேன். விபத்துக்கு முன்பே பாலிசி முடிந்திருக்கிறது. மூவருக்கும் நோட்டீஸ் அனுப்பப் போவதாகச் சொன்னதும், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே தொலைபேசியில் அழைத்து, தன்னை வழக்கில் சேர்க்க வேண்டாம், வாங்கியவரைக் கொண்டு மூன்று தவணையில் கொடுக்கச் செய்கிறேன் என்றார். ஒப்பந்தம் எழுதினால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

வழக்குக்கட்டு:

நோட்டீஸ் கையில் கிடைப்பதற்கு முன்பே அவர் அழைத்தது நல்ல அறிகுறி. ஒப்பந்தத்தில் மூவரும் கையெழுத்திடட்டும். விபத்து நடந்த தேதி, இடம், இரு வாகனங்களின் பதிவெண், வேன் ஓட்டுநரின் கவனக்குறைவால் மோதியது என்ற ஒப்புதல், மொத்தத் தொகை, தவணைத் தேதிகள் ஆகியவை இருக்க வேண்டும். ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் உடனே செலுத்தத்தக்கதாகும் என்று ஒரு வரி சேருங்கள். முழுத்தொகையும் கைக்கு வரும்வரை "கோரிக்கை எதுவும் இல்லை" என்ற சொற்கள் எந்தத் தாளிலும் வரக் கூடாது. ஒவ்வொரு முறையும் "பகுதித் தொகை பெறப்பட்டது" என்றே ரசீது கொடுங்கள்.

மீதித் தவணைகளுக்கு, வசதி உள்ளவராகிய பதிவுபெற்ற உரிமையாளரின் கணக்கிலிருந்தே தேதியிட்ட காசோலைகளை வாங்குங்கள். காசோலை திரும்பினால் வங்கி தெரிவித்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பி, அது கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவின்கீழ் வழக்குத் தொடரலாம். ஒப்பந்தத்தில் உள்ள ஒப்புதல் உரிமையியல் வழக்குக்கான மூன்றாண்டுக் காலவரம்பை அந்தத் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கிவைக்கும், ஆனால் தீர்ப்பாயத்தின் ஆறு மாதத்தை அது நீட்டிக்காது. ஆகவே கடைசித் தவணையின் தேதி ஆறு மாதம் முடிவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பாக இருக்கும்படி கேளுங்கள். அவர்கள் அதற்கு இசையாவிட்டால் மனுவைத் தாக்கல் செய்துவிட்டு, அதே ஒப்பந்தத்தை மக்கள் நீதிமன்றத்தில் பதிவுசெய்து முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

நெடுவழி:

அப்படியே சொல்கிறேன் ஐயா. மனுவுக்கான ஆவணங்களையும் சர்வேயர் அறிக்கையையும் இந்த வாரமே தயார்செய்து வைத்துவிட்டு, அதன் பிறகு ஒப்பந்தம் பேச உட்காருகிறேன்.